விளக்கு பிடித்த கை போட்ட கணக்கு

மே 12 வந்தால் நம்ம எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் வந்துவிடும். கையில் விளக்கு, தலையில் வெள்ளைத் தொப்பி, பக்கத்துப் படுக்கையில் காயம்பட்ட சிப்பாய். கீழே செவிலியர் தின வாழ்த்து. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அந்த ஒரு பாராவோடு நமக்கு முடிந்துவிடுகிறது. இரக்கமுள்ளவர், ராத்திரி தூங்காமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர். தப்பில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் வாழ்ந்த 90 வருஷத்தில் போர்க்கால ஆஸ்பத்திரியில் விளக்கோடு நடந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. மிச்ச ஆயுசில் பெரும்பகுதியை அவர் பேப்பர், பேனா, அட்டவணை என்றுதான் கழித்தார்.

ஒரு ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? இதுதான் அவரை விடாமல் துரத்திய கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் அவருக்கே அடியாக விழுந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கணக்குக்கு அடம் பிடித்த பெண்

1820 மே 12 அன்று இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஆங்கிலேயக் குடும்பம், நல்ல வசதி. பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். அக்காவுக்கும் அதே கதைதான். நேப்பிள்ஸில் பிறந்ததால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தெனோப்பே என்பதை வைத்தார்கள். தங்கை தப்பித்தார் என்றே சொல்லணும்!

அப்பா வில்லியம் நைட்டிங்கேல் இரண்டு பெண்களுக்கும் தானே பாடம் எடுத்தார். கிரேக்கம், லத்தீன், வரலாறு, தத்துவம். ஃப்ளாரன்ஸுக்கு அது போதவில்லை, கணிதம் வேண்டும் என்று கேட்டார். கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்குக் கணக்கு எதுக்கு என்று வீட்டில் தயக்கம். அடம் பிடித்துத்தான் கணித ஆசிரியரை வாங்கினார். அப்புறம் நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் பூகம்பமே வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண்கள் செய்யும் வேலையாகக் கருதப்படவில்லை. வருஷக்கணக்கில் இழுபறி. வந்த சம்பந்தத்தையும் மறுத்தார். கடைசியில் 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பாளராக ஆனார்.

ஸ்கூட்டாரி

அந்த நேரத்தில்தான் கிரிமியப் போர். பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஒரு பக்கம், ரஷ்யா மறுபக்கம். காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றிக் கருங்கடலைத் தாண்டி, இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருந்த ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி என்று பெயர்தான். உண்மையில் அது துருக்கியர்கள் கொடுத்த பழைய படைவீரர் குடியிருப்பு. அங்கே நடக்கும் அலங்கோலத்தைப் பத்திரிகைகள் எழுதின. லண்டனில் ஒரே கொதிப்பு. போர் இலாகா அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். அவர் கேட்டுக்கொண்டபடி 38 பெண்களோடு 1854 நவம்பர் தொடக்கத்தில் நைட்டிங்கேல் போய் இறங்கினார்.

அடுத்த சில மாதம் அவர் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. சட்டை இல்லை, வாங்கினார். துணி துவைக்க வழியில்லை, தனி வீடு பிடித்து வெந்நீர்க் கொப்பரை வைத்தார். பசித்தவனுக்கு வேகாத இறைச்சி போய்க்கொண்டிருந்தது, தனிச் சமையலறை போட்டார். தரையைத் தேய்க்க பிரஷ் வரவழைத்தார். ராத்திரி விளக்கோடு மைல் கணக்கில் நடந்தார். சிப்பாய்கள் அவரைத் தெய்வமாகப் பார்த்தார்கள்.

இப்போது எண்ணைப் பாருங்க. நவம்பரில் அவர் வந்தார். டிசம்பரில் சாவு கூடியது. ஜனவரியில் இன்னும் கூடியது. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் ஸ்கூட்டாரியில் 4,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் குண்டடியில் சாகவில்லை. காலரா, சீதபேதி, டைஃபஸ் காய்ச்சல்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. டாக்டர் ஜான் சதர்லண்டோடு ராபர்ட் ராலின்சன் என்கிற சிவில் இன்ஜினியரும் அதில் இருந்தார் (நம்ம துறை ஆள்!). அவர்கள் நோயாளியைப் பார்க்கும் முன் கட்டிடத்தைப் பார்த்தார்கள். கட்டிடத்துக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக் கிடந்தது. அதன் நாற்றம் குழாய் வழியாகத் திரும்ப வார்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரும் வழியில் செத்த குதிரை ஒன்று கிடந்தது. கால்வாயைக் கழுவினார்கள். 500-க்கும் மேற்பட்ட தள்ளுவண்டி, கூடை குப்பையை அள்ளினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது.

அதே நர்ஸ்கள், அதே விளக்கு. மாறியது சாக்கடை.

லண்டனில் கிடைத்த அடி

1856 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். வரவேற்பு, மேளதாளம் எதுவும் வேண்டாம் என்று ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து, சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தார். விக்டோரியா மகாராணியைப் பார்த்து ராணுவத்தின் உடல்நலம் பற்றி விசாரிக்க அரச ஆணையம் வேண்டும் என்று கேட்டார். அதற்கான வேலையில், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவர வல்லுநராக இருந்த வில்லியம் ஃபார் அவருக்குக் கூட்டாளி ஆனார்.

கையில் இருந்த பதிவேடுகள் படுமோசம். ஸ்கூட்டாரியில் சாவுகளை மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஒன்றின் கூட்டுத்தொகை இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒரு மனிதன் செத்தானா இல்லையா என்பதில்கூட மூன்று பதில்! அதையெல்லாம் சரிபார்த்து, மாதவாரியாகப் பிரித்து, இடவாரியாக ஒப்பிட்டார்கள்.

அதுவரை நைட்டிங்கேல் நினைத்திருந்தது இதுதான்: சிப்பாய்கள் பட்டினியாலும் களைப்பாலும் பாதி செத்த நிலையில் வந்து சேர்ந்தார்கள், நாங்கள் முடிந்ததைச் செய்தோம். எண்கள் வேறு மாதிரி பேசின. போர்முனைக்குப் பக்கத்தில் கூடாரத்தில் நடந்த சிறிய ஆஸ்பத்திரிகளைவிட, நர்ஸ்களும் சமையலறையும் சலவையும் இருந்த ஸ்கூட்டாரியில் சாவு விகிதம் அதிகம். தான் ராப்பகலாக உழைத்த அந்த ஆஸ்பத்திரியே ஆட்களைக் கொன்றிருக்கிறது.

1857 ஆகஸ்டில் அவர் உடைந்து படுத்துவிட்டார். கிரிமியாவில் தொற்றிய காய்ச்சல்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு தந்த அதிர்ச்சியும் சேர்ந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்களுக்குள் இது இன்னும் விவாதம்தான். விவாதமே இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அவர் அந்த எண்களை மறைக்கவில்லை. தேசமே தன்னை நாயகியாகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், தன்னுடைய ஆஸ்பத்திரியின் தோல்வியை 1858-இல் நூற்றுக்கணக்கான பக்கம் அச்சடித்துச் செல்வாக்குள்ளவர்களுக்கு அனுப்பினார். அட்டவணை என்றால் மந்திரிகள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று தெரிந்து, படமாகவும் வரைந்தார்.

அதுதான் இன்று ரோஜா வரைபடம் என்று பேர் பெற்றது. ஒரு வட்டத்தை மாதத்துக்கு ஒன்றாக 12 துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீலம், தடுத்திருக்கக்கூடிய நோய்ச் சாவு. சிவப்பு, காயத்தால் வந்த சாவு. கறுப்பு, மற்றவை. பார்த்த உடனே தெரியும், சிவப்பு சின்னதாக நடுவில் இருக்கும், நீலம் எகிறிக்கொண்டு போகும். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. முந்தைய ஒரு வரைபடத்தில் அவர் எண்ணிக்கைக்கு நேராக ஆரத்தை வைத்திருந்தார். சாவு 4 மடங்கு என்றால் ஆரமும் 4 மடங்கு, ஆனால் கண்ணுக்குத் தெரியும் பரப்பு 16 மடங்கு ஆகிவிடும். பிறகு அதைத் திருத்திப் பரப்பை எண்ணிக்கைக்கு நேராக வைத்தார். தன் கட்சிக்குச் சாதகமான மிகையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதே 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரானார், அங்கே உறுப்பினரான முதல் பெண் அவர்தான்.

எல்லோருக்கும் ஒரே படிவம்

ராணுவத்தோடு அவர் நிற்கவில்லை. ஊரில் இருக்கிற சாதாரண ஆஸ்பத்திரிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கக் கிளம்பினார். பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கணக்கு வைத்திருந்தது. நோய்களுக்குப் பெயர்கூட ஒன்றாக இல்லை. ஒப்பிடுவது எப்படி?

1860-இல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஒரே மாதிரியான படிவத்தை முன்வைத்தார். வருஷத் தொடக்கத்தில் எத்தனை பேர் படுக்கையில் இருந்தார்கள், எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குணமாகிப் போனார்கள், குணமாகாமல் போனவர்கள் எத்தனை, செத்தவர்கள் எத்தனை, வருஷ முடிவில் மிச்சம் எத்தனை, சராசரியாக எத்தனை நாள் தங்கினார்கள். வயசு, ஆண் பெண், நோய் வாரியாக இதையெல்லாம் பிரிக்கணும். மாநாடு ஏற்றுக்கொண்டது. லண்டனில் சில ஆஸ்பத்திரிகள் சில காலம் நிரப்பவும் செய்தன. அப்புறம் வேலை அதிகம், செலவு அதிகம் என்று விட்டுவிட்டன. இந்தச் சாக்கு நமக்குப் புதுசா என்ன?

வகுக்கும் எண்ணில் வந்த வம்பு

இனி வருவது அவருடைய சறுக்கல். அதையும் சொன்னால்தான் கதை முழுசாகும்.

1863-இல் ஆஸ்பத்திரிகள் பற்றிய அவருடைய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. ஃபார் தயாரித்த ஒரு அட்டவணை அதில் இடம்பெற்றது. 1861-ஆம் வருஷத்துக்கான கணக்கு. லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்கள் 4,214, செத்தவர்கள் 3,828. சாவு நூற்றுக்கு 90.84. மாவட்டத்துச் சிறு நகரங்களின் 25 ஆஸ்பத்திரிகளில் 2,248-க்கு 886, அதாவது 39.41. லண்டன் ஆஸ்பத்திரிக்குள் போனால் பத்தில் ஒன்பது பேர் பிணம் என்பது போலப் படிக்கத் தோன்றியது. டாக்டர்கள் கொந்தளித்தார்கள்.

எங்கே இடிக்கிறது? மேலே இருக்கிற 3,828 ஒரு வருஷத்துச் சாவு. கீழே இருக்கிற 4,214 ஏப்ரல் மாதத்தில் ஒரே ஒரு நாள் படுக்கையில் இருந்தவர்கள். ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. 100 படுக்கை ஆஸ்பத்திரி, ஒரு ஆள் சராசரியாக 36 நாள் தங்குகிறார் என்றால், வருஷத்துக்குச் சுமார் 1,000 பேர் வந்து போவார்கள். அதில் 90 பேர் செத்தால், ஃபார் கணக்கில் நூற்றுக்கு 90, வந்தவர்கள் கணக்கில் நூற்றுக்கு 9. சாவு அதேதான், வகுக்கும் எண் மட்டும் வேறு.

ஃபார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வந்து போனவர்களை வைத்து வகுத்தால், ஆட்களைச் சீக்கிரம் சீக்கிரம் வெளியே அனுப்பும் ஆஸ்பத்திரி நல்ல பெயர் வாங்கிவிடும். சாகப்போகிறவரை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பதிவேடு சுத்தமாக இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. விபத்தில் அடிபட்டவரும் முற்றிய நோயாளியும் லண்டன் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள், லேசான நோயாளி உள்ளூரிலேயே தங்கிவிடுவார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? வயசும் நோயின் கடுமையும் தெரியாமல் வெறும் சாவு விகிதத்தை நம்பக்கூடாது என்று நைட்டிங்கேலே அந்தப் புத்தகத்தில் எச்சரித்திருக்கிறார். ஆனால் அட்டவணை எச்சரிக்கையைவிடச் சத்தமாகப் பேசிவிட்டது. இன்று ஆஸ்பத்திரிகளை மதிப்பிடும்போது நோயாளியின் வயசு, நோயின் கடுமை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இந்த மாதிரிச் சண்டைகள் இருக்கின்றன.

தன் வார்டைத் தானே மூடியவர்

சறுக்கியவர் அதோடு நின்றுவிடவில்லை. அடுத்த தடவை கணக்கை இன்னும் கவனமாகப் போட்டார். இந்தத் தடவையும் மாட்டியது அவருடைய சொந்த வேலைதான்.

மக்கள் அவர் பெயரில் திரட்டிக் கொடுத்த நிதியில் 1860-இல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி தொடங்கினார். அதே நிதியிலிருந்து, கிராமங்களுக்கு மருத்துவச்சிகளைத் தயார் செய்ய, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவ வார்டும் அமைக்கப்பட்டது. ஏழைப் பெண்களுக்குச் சுத்தமான படுக்கை, பயிற்சி பெற்ற கவனிப்பு. யார் பார்த்தாலும் நல்ல காரியம் என்றுதான் சொல்வார்கள்.

ஆறு வருஷத்துக்குள் அங்கே 780 பிரசவம் நடந்தது. 27 தாய்மார் செத்தார்கள். 29 பேருக்கு ஒருவர் என்கிற கணக்கு. பெரும்பாலும் பிரசவ ஜுரம். அதே காலத்தில் இங்கிலாந்தில் வீட்டில் பிரசவித்த பெண்களில் செத்தவர்கள் 1,000-க்கு 5 பேர் அளவில்தான். வார்டில் அது 1,000-க்கு 34-க்கு மேல். இருட்டு வீட்டில், கிழிந்த பாயில் பெற்றவள் பிழைத்தாள், நல்ல வார்டுக்கு நம்பி வந்தவள் செத்தாள்.

1867-இல் வார்டை மூடினார்கள். பெயர் கெட்டுவிடும் என்று நைட்டிங்கேல் பூசி மெழுகவில்லை. கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் எண்களைத் திரட்டி, வீட்டுப் பிரசவத்தையும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தையும் ஒப்பிட்டு 1871-இல் ஒரு புத்தகமே போட்டார். ஒரே இடத்தில் பல பெண்களைக் கூட்டி வைப்பதும், பொது நோயாளிகளும் பிணப் பரிசோதனைக் கூடமும் இருக்கிற கட்டிடத்தில் பிரசவம் பார்ப்பதும் ஆபத்து என்று எழுதினார். இத்தனைக்கும் கெட்ட காற்றால்தான் நோய் பரவுகிறது என்று நம்பியவர் அவர். காரணம் பற்றிய நம்பிக்கை தப்பு. ஆனால் எண்ணிக்கை நேர்மையாக இருந்ததால் முடிவு சரியாக வந்தது.

இந்தியக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம்ம நாட்டுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில் வாங்கினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது. 1863-இல் வந்த அரச ஆணைய அறிக்கை, இங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருஷத்துக்கு 1,000-க்கு 69 பேர் செத்ததைச் சொன்னது. பத்து வருஷம் கழித்து அது 18 ஆகக் குறைந்ததாக நைட்டிங்கேலே எழுதினார். முகாமுக்கு வெளியே இருந்த நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த அக்கறை அதே வேகத்தில் வந்து சேரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. கடைசி காலத்தில் கிராமத்துச் சுகாதாரம் பற்றி அவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தது அதனால்தான்.

வயதான பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்கப் பார்த்தார். நடக்கவில்லை. 1910 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யலாம் என்றார்கள், குடும்பத்தார் அவர் விருப்பப்படி மறுத்துவிட்டார்கள். ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், குடும்பக் கல்லறையில் இருக்கிறார். அவருக்கென்று அங்கே பெயர்கூட முழுசாக இல்லை. இரண்டு எழுத்து, பிறந்த வருஷம், இறந்த வருஷம்.

நம்மில் சிலர் இந்த செமஸ்டரிலும் ஆஸ்பத்திரிக்கு ஆப் செய்கிறோம், டாஷ்போர்டு செய்கிறோம். எத்தனை டவுன்லோடு, எத்தனை டோக்கன், காத்திருக்கும் நேரம் எத்தனை நிமிஷம் குறைந்தது என்று ஸ்லைடு போடுகிறோம். நல்லதுதான். ஆனால் ஸ்கூட்டாரியிலும் சட்டை, சமையல், பிரஷ் எல்லாம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தன. உள்ளே போனவர்களில் எத்தனை பேர் நடந்து வெளியே வந்தார்கள் என்று கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. ரிவ்யூவுக்கு முன்னால் நம்ம ப்ராஜெக்டிடமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். வகுக்கும் எண் எது என்பதையும் ஸ்லைடில் எழுதிவிடுவோம். பதில் நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் அந்த ஸ்லைடை எடுத்துவிட வேண்டாம்.